வாரக் கடைசியில் ஏற்றும் உலை

(சங்கரன்கோவிலில் விசைத்தறி, பீடித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீட்டுச் செலவைத் திட்டமிடுவது பற்றிப் பத்திரிகையில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒன்றாம் தேதியிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். சம்பளம் வந்ததும் பங்கு பிரியுங்கள், பலசரக்குக்கு இவ்வளவு, பாலுக்கு இவ்வளவு, மிச்சத்தைச் சேமியுங்கள் என்று. நம் ஊரில் ஒன்றாம் தேதி சம்பளம் வாங்குகிற வீடு எத்தனை? தறிக்குப் போகிறவர்களுக்கு வாரக் கூலி. பீடி சுற்றுகிறவர்களுக்கும் வாரக் கணக்கு. பூ மார்க்கெட்டை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அன்றன்றைக்குக் கிடைப்பதுதான். முகூர்த்த நாளில் பூ விற்கிற விலை வேறு, முகூர்த்தமே இல்லாத மாதத்தில் விற்கிற விலை வேறு. சுற்றுக் கிராமத்தில் மானாவாரி வெள்ளாமை பார்க்கிறவர்கள் கையில் தை, மாசியில் நாலு காசு புரளும். விதைப்புச் சமயத்தில் கடன்தான் புரளும். இப்படிப்பட்ட ஊரில் மாதக் கணக்கைச் சொல்லிக்கொடுத்துப் பிரயோசனம் இல்லை.

அதனால் நான் மறுமுனையிலிருந்து தொடங்குகிறேன். கூலி கைக்கு வருவதற்கு முந்தின இரண்டு நாள் உங்கள் வீட்டில் என்ன சமையல்? இதைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது. சோறு இருக்கும். புளித்தண்ணி ரசம் இருக்கும். அப்பளம் இருக்கும், அல்லது ஊறுகாய். பிள்ளைகளுக்கு மட்டும் எப்படியாவது ஒரு முட்டை. “பட்டினி ஒன்றும் கிடக்கலை” என்று சொல்லி முடித்துக்கொள்வார்கள். உண்மைதான், பட்டினி இல்லை. வயிறு நிறைந்துவிடுகிறது. குறை இருக்கிற இடம் அந்த நிறைந்த வயிற்றுக்குள்தான், அதனால்தான் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. வாரச் சமையலைத் திட்டமிட உட்கார்ந்தால் அந்த இரண்டு நாளைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி. கூலி வாங்கிய அன்று என்ன சாப்பிடுவது என்பதை யாரும் திட்டமிட வேண்டியதில்லை, அது தானாக நடக்கும்.

நம் பாட்டிமார்களுக்கு இருந்த பயம் வேறு. அவர்களுக்கு அரிசிப் பயம். கம்பும் சோளமும் குதிரைவாலியும்தான் அன்றாடச் சாப்பாடு, நெல்லுச்சோறு நாள் கிழமைக்கு. இன்றைக்கு அந்தப் பயம் போய்விட்டது. 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ 1 ரூபாய்க்கு வந்தது; 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையே இல்லை. இது சாதாரணக் காரியம் அல்ல. நாடு முழுக்கவே கிராமத்து வீடுகளின் மொத்தச் செலவில் 1999-2000-இல் தானியத்துக்கு மட்டும் 22 சதவீதம் போனது. 2022-23 கணக்கெடுப்பில் அது 5 சதவீதத்தை ஒட்டி இறங்கிவிட்டது. அப்படி மிஞ்சிய பணம் எங்கே போனது? பருப்புக்கும் காய்க்கும் பாலுக்கும் முட்டைக்கும் போயிருக்க வேண்டும். ஓரளவு போயிருக்கிறது. ஆனால் 2023-24 கணக்கெடுப்பைப் பார்த்தால், சாப்பாட்டுச் செலவுக்குள்ளேயே பெரிய பங்கு குளிர்பானம், பலகாரம், பாக்கெட் தீனி, வெளிச்சாப்பாடு எல்லாம் சேர்ந்த வகைக்குத்தான் போகிறது. கிராமத்தில் மொத்தச் செலவில் 9.84 சதவீதம், நகரத்தில் 11.09. இது யாரையும் குற்றம் சொல்ல எடுத்த கணக்கு அல்ல. தறியில் நாளெல்லாம் நின்றுவிட்டு வருகிற பெண் சாயங்காலம் பரோட்டா பார்சல் வாங்குகிறாள் என்றால், அவள் வாங்குவது ஒரு வேளை அடுப்படியில் நிற்காத நிம்மதியை. கூலி நாளின் பரோட்டாவை நான் எதிர்க்கவில்லை. அதையும் திட்டத்துக்குள் எழுதுங்கள் என்றுதான் சொல்கிறேன். எழுதாமல் விட்டால்தான் அது இரண்டு நாள், மூன்று நாள் என்று நீளுகிறது.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஐதராபாத்தில் இருக்கிற தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு வேண்டும் என்று ஒரு தட்டு போட்டுக் காட்டியிருக்கிறார்கள். தானியம் 250 கிராம். பருப்பு, பயறு, முட்டை, மீன், கறி எல்லாம் சேர்ந்து 85 கிராம். கீரையும் காயும் 400 கிராம். பழம் 100, பால் அல்லது தயிர் 300 மில்லி, கடலை, எள் போன்றவை 35, எண்ணெய் 27. பெரியவர் ஒருவருக்கு 2,000 கலோரி என்ற கணக்கில் போட்டது. உங்கள் வீட்டில் நாலு பேர் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், அதை விட்டுவிடுவோம். மாதத்துக்குத் தானியம் 30 கிலோ வேண்டும். ரேஷனில் 20 கிலோ வந்துவிடுகிறது, மூன்றில் இரண்டு பங்கு. பருப்பு வகைக்கு 10 கிலோ வேண்டும். ரேஷனில் வருவது 30 ரூபாய்க்கு ஒரு கிலோ துவரம்பருப்பு, பத்தில் ஒரு பங்கு. எண்ணெய் மூன்றேகால் கிலோ. ரேஷன் பாமாயில் ஒரு லிட்டர். காய்கறி 48 கிலோ. அதற்கு ரேஷன் கிடையாது.

இந்த நாலு வரியைச் சமையலறைச் சுவரில் எழுதி வைக்கலாம். அரசு நமக்குச் சோற்றைக் கொடுத்திருக்கிறது. குழம்பை நாம்தான் தேட வேண்டும். நம் வீட்டுச் சாமான் பட்டியலோ இன்றும் அரிசியில்தான் ஆரம்பிக்கிறது. ரேஷன் அரிசி பிடிக்கவில்லை என்று நல்ல அரிசி 10 கிலோ மூட்டையை முதலில் வாங்கிவிட்டு, மிச்சக் காசுக்குப் பருப்பு வாங்குகிற வீடுகள் நிறைய. அந்த வரிசையை மாற்ற வேண்டும். ரேஷன் அரிசியை இட்லிக்கும் தோசைக்கும் போடலாம், உளுந்தஞ்சோற்றுக்குப் போடலாம், ராத்திரி தண்ணி ஊற்றி வைத்துக் காலையில் பழைய சோறாகக் குடிக்கலாம், கேஸும் மிச்சம். வெளி அரிசி மத்தியானச் சோற்றுக்கு மட்டும் போதும்.

கூலி நாளில் வேறெதற்கும் முன்னால் பயறு வாங்குங்கள். காய் அல்ல, எண்ணெய் அல்ல, பயறு. காரணம் எளிது. கூலிப் பணத்தில் மற்றதற்கெல்லாம் கேட்டு ஆள் வந்துவிடுகிறது. குழுத் தவணைக்கு ஆள் வாசலில் நிற்கிறார், வீட்டு வாடகைக்குக் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் கேட்கிறார்கள். வயிற்றுக்காக வாசலில் வந்து நிற்கிற ஆள் கிடையாது. அதனால் கைக்கு முட்டு வரும்போது முதலில் குறைவது பருப்புதான். அதிலும் வீட்டில் யாருடைய பங்கு குறைகிறது என்று உங்களுக்கே தெரியும். பிள்ளைகளுக்குப் பள்ளியில் சத்துணவு இருக்கிறது. 1956-இல் காமராசர் காலத்தில் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கிய மதிய உணவு, 1982-இல் எம்.ஜி.ஆர் காலத்தில் விரிந்து, இன்று பள்ளி நாள் ஒவ்வொன்றுக்கும் ஒரு முட்டை என்று வந்து நிற்கிறது. 2022-இலிருந்து ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை காலைச் சாப்பாடும் உண்டு. ஆகவே பிள்ளைக்கு வாரத்தில் ஐந்து முட்டை பள்ளியிலேயே வந்துவிடுகிறது. ஆம்பிளைகளுக்குக் கடை டீயும் வடையும் உண்டு. கடைசியில் உட்கார்ந்து சட்டியை வழித்துச் சாப்பிடுகிறவருக்கு எந்தத் திட்டமும் இல்லை. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சத்துணவு கொடுத்த தமிழ்நாட்டில், இலவச அரிசி கொடுத்த தமிழ்நாட்டில், சரிபாதிக்கு மேல். எனக்கு இது மனதை உறுத்துகிற எண்.

பயறு வாங்குவது என்றால் எவ்வளவு? முழு 85 கிராமையும் பயறிலேயே எட்ட வேண்டியதில்லை. நாலு பேர் வீட்டுக்கு வாரத்துக்கு ஒன்றேகால் கிலோ பயறு, பருப்பு என்று வைத்தால் ஆளுக்கு நாளுக்கு 45 கிராம் வந்துவிடும். மிச்சத்தை முட்டையும், தூத்துக்குடிப் பக்கமிருந்து வருகிற சாளை மீனும், கொஞ்சம் நெத்திலிக் கருவாடும் பார்த்துக்கொள்ளும். ஒன்றேகால் கிலோவில் கால் கிலோ ரேஷன் துவரம்பருப்பு. வெளியில் வாங்க வேண்டியது ஒரு கிலோ. அரைக் கிலோ தொலி உளுந்து, கால் கிலோ காணம், கால் கிலோ தட்டாம்பயறு. காணம் இந்த வரிசையில் மலிவானது. துவையலும் ஆகும், சாறும் ஆகும். துவரம்பருப்பு விலை ஏறினால் ஊரே புலம்புகிறது. சாம்பார் இல்லாமல் ஒரு வாரம் ஓட்ட முடியாது என்று யார் சொன்னது? நம் பக்கத்துப் பழைய சமையலில் சாம்பார் அவ்வளவு முக்கியம் இல்லை. பயத்தங்குழம்பு உண்டு, காணத் துவையல் உண்டு, கூட்டாஞ்சோறு உண்டு. விலை ஏறாத பயறுக்குச் சட்டியைத் திருப்புகிற கைப்பக்குவம் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

இனி வாரத்தைப் பார்ப்போம். உங்களுக்குக் கூலி எந்தக் கிழமை வந்தாலும் சரி, அதுதான் முதல் நாள். மறுநாள் காலையில் உழவர் சந்தைக்குப் போங்கள். உழவர் சந்தை 1999 நவம்பர் 14-இல் மதுரையில் தொடங்கியபோதே, சில்லறைக் கடை விலையைவிடக் குறைவாக, அன்றன்றைக்கு விலையைப் பலகையில் எழுதிப் போட்டு விற்க வேண்டும் என்பதுதான் ஏற்பாடு. நம் ஊர்ச் சந்தையிலும் அந்தப் பலகையை வாசித்துவிட்டு அப்புறம் பையைத் திறங்கள். என்ன குழம்பு என்று வீட்டிலேயே முடிவு பண்ணிவிட்டுப் போனால் அன்றைக்கு உச்ச விலையில் இருக்கிற காய்தான் பைக்குள் வரும். 2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோது புளியையும் எலுமிச்சையையும் வைத்துச் சமாளித்த வீடுகளுக்கு அது பெரிய அடியாக விழவில்லை.

வாங்கிய காயை வாடுகிற வரிசையில் சமைக்க வேண்டும். கீரை அன்றைக்கே, தப்பினால் மறுநாள். முருங்கைக்கீரையை உருவித் துணியில் சுற்றி வைத்தால் இன்னொரு நாள் தாங்கும். அப்புறம் வெண்டைக்காய், கத்தரிக்காய், சீனியவரைக்காய். நாலாம் ஐந்தாம் நாளுக்குப் பூசணிக்கீற்று, வாழைக்காய், சேனைக்கிழங்கு. ஆறாம் ஏழாம் நாளுக்குக் காயே கிடையாது என்று இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாளுக்குத்தான் கூலி அன்று வாங்கிய உளுந்தும் தட்டாம்பயறும். அவற்றைத் தனி டப்பாவில் போட்டு மேல்தட்டில் வையுங்கள், நடுவாரத்தில் கை போகாத இடத்தில்.

ஆறாம் நாள் சமையல் உளுந்தஞ்சோறு. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனாலும் இந்தக் கூட்டத்தில் இளம்பிள்ளைகள் இருக்கிறார்கள். இரண்டு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் தொலி உளுந்து. உளுந்தை வெறும் சட்டியில் மணம் வருகிற வரை வறுக்கணும், கருக விடக்கூடாது. அரிசியோடு சேர்த்துக் களைந்து, ஒரு கை வெள்ளைப்பூடு, கொஞ்சம் வெந்தயம், சீரகம், உப்பு, அரைமூடித் தேங்காயில் பாதியைத் துருவிப் போட்டு, ஒரே சட்டியில் குழைய வேகவைக்கணும். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். தக்காளி வேண்டாம், காய் வேண்டாம், தாளிக்க எண்ணெய் கூட வேண்டாம். இதில் ஆளுக்குச் சுமார் 40 கிராம் உளுந்து உள்ளே போகிறது, எள் வேறு. வயதுக்கு வந்த பெண்ணுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் உளுந்து கொடுத்த ஊர் இது. எந்த உடம்புக்கு அது வேண்டும் என்று நம் முன்னோருக்குத் தெரிந்திருக்கிறது. ஊறுகாயும் சோறுமாக ஓடுகிற நாளில் இந்தச் சட்டி ஏறிவிட்டால் வாரத்தின் மெலிந்த நாள் வாரத்தின் கனத்த நாளாகிவிடும். ஏழாம் நாளுக்கு, முந்தின ராத்திரி ஊறப்போட்ட தட்டாம்பயறு. பாதி குழம்புக்கு, பாதி பிள்ளைகள் சாயங்காலம் வரும்போது சுண்டலுக்கு. ஊறவைத்தால் வேகிற நேரம் குறையும், சிலிண்டர் இன்னும் நாலு நாள் வரும்.

கீரையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கீரை, பயறில் இருக்கிற இரும்புச்சத்தை உடம்பு எளிதில் எடுத்துக்கொள்ளாது. புளிப்பான எலுமிச்சைச்சாறு கூட இருந்தால் எடுத்துக்கொள்ளும். புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட் நமக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறது. வரத்து அதிகமாகி விலை இறங்கும்போது கீரைப் பொரியலில், சுண்டலில் அரைப்பழம் பிழியுங்கள். அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதிக்கும்போது அல்ல. டீ நேர்மாறு. சோறு தின்ற கையோடு டீ குடித்தால் அந்த இரும்புச்சத்தில் நல்ல பங்கு உடம்பில் ஒட்டாமலே போய்விடும். தறிக்கூடத்தில் டீ இல்லாமல் வேலை ஓடாது, எனக்கும் தெரியும். சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரம் விடுங்கள், அது போதும். இதற்குக் காசே செலவில்லை.

இப்போது அந்த ஒரு கிலோ பயறுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டு பிள்ளைகள், ஆளுக்கு நாளுக்கு ஒரு 10 ரூபாய் பாக்கெட். வாரத்துக்கு 140 ரூபாய். மாதத்துக்கு 600. முட்டை 7 ரூபாய் என்று வைத்தால் 85 முட்டை. பிள்ளை அழுதால் வாங்கித் தராமல் இருக்க மனசு வராது. அடியோடு நிறுத்துங்கள் என்று நான் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் வாங்கிக் கொடுங்கள், மிச்ச நாளைக்குச் சுண்டல், பொரிகடலை, கோவில்பட்டிக் கடலை மிட்டாய். 2020-இல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய் அது, நிலக்கடலையும் வெல்லமும்தான். அந்த 140 ரூபாயில் நூறு மிஞ்சினால் பயறுச் செலவில் பெரும்பகுதி வந்துவிட்டது. புதிதாக எதையும் சம்பாதிக்க வேண்டியதில்லை.

இன்னொரு ஓட்டை, சில்லறையாக வாங்குவது. 10 ரூபாய்க்கு எண்ணெய், 5 ரூபாய்க்கு மல்லித்தூள், 20 ரூபாய்க்குப் பருப்பு. கையில் இருக்கிற காசுக்கு வாங்குகிறோம், வேறு வழியில்லை. ஆனால் கிலோ கணக்கில் பார்த்தால், கார் வைத்திருக்கிறவர் வாங்குகிற விலையைவிட நாம்தான் அதிக விலை கொடுக்கிறோம். கூடவே பற்று நோட்டு. பற்று வைத்த கடையில் விலை கேட்க நாக்கு எழாது. தரம் கேட்க அதைவிடக் கஷ்டம். அண்ணாச்சி நல்லவராகவே இருக்கட்டும், அவருக்கும் கொள்முதல் கடன் இருக்கிறது.

இதற்கு வழி கண்டவர்கள் நம்மைப் போன்ற நெசவாளர்கள்தான். இங்கிலாந்தில் ராச்டேல் என்று ஒரு நெசவாலை ஊர். 1844-இல் 28 பேர், அவர்களில் நெசவாளர்களும் உண்டு, ஆளுக்கு ஒரு பவுன் போட்டு ஒரு சின்னக் கடை திறந்தார்கள். மாவு, ஓட்ஸ், வெண்ணெய், சர்க்கரை, மெழுகுவத்தி, ஆரம்பத்தில் அவ்வளவுதான் சரக்கு. கலப்படம் இல்லாத சரக்கு, சரியான எடை, கடன் கிடையாது, லாபத்தை வாங்கினவர்களுக்கே பங்கு பிரிப்பது என்று விதி வைத்தார்கள். உலகத்துக் கூட்டுறவுப் பண்டகசாலைகளுக்கெல்லாம் அதுதான் முன்மாதிரி. சென்னையில் 1904-இல் தொடங்கிய திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் அந்த வழியில் வந்தது. நம் பெண்களிடம் அதைவிடக் கிட்டத்தில் ஒரு கருவி இருக்கிறது. 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இன்று தெருவுக்குத் தெரு இருக்கிறது. அதில் கடன் வாங்கவும் தவணை கட்டவும் பழகிவிட்டோம். சேர்ந்து சாமான் வாங்க இன்னும் பழகவில்லை.

கடை திறக்கச் சொல்லவில்லை. ஒரே ஒரு சரக்கில் ஆரம்பியுங்கள், உளுந்தில். நம் சுற்றுவட்டாரக் கரிசலில் வடகிழக்குப் பருவமழைக்கு விதைத்த உளுந்தும் பாசிப்பயறும் தை, மாசியில் களத்துக்கு வருகின்றன. வருஷத்தில் உளுந்து இறங்கி விற்கிற சமயம் பெரும்பாலும் அதுதான். உங்களில் பாதிப் பேருக்குக் கிராமத்தில் சொந்தபந்தம் இருக்கிறது. களத்திலேயே நல்ல விலை கொடுத்து வாங்கினாலும், பாக்கெட்டில் வாங்குவதைவிடக் குறைவாகத்தான் வரும்; விற்கிறவருக்கும் வியாபாரி கொடுப்பதைவிடக் கொஞ்சம் கூடக் கிடைக்கும். பத்துப் பன்னிரண்டு வீடு சேருங்கள். ஐப்பசியிலிருந்து வீட்டுக்கு வாரம் 50 ரூபாய் தனியாக எடுத்து வைத்தால் தைப் பொங்கலுக்குள் வீட்டுக்கு ஐந்நூறுக்கு மேல் சேர்ந்துவிடும். அதில் வீட்டுக்கு ஐந்து கிலோவாவது வரும். மொட்டைமாடியில் இரண்டு நாள் நல்ல வெயிலில் காயப்போட்டு, ஆறவிட்டு, ஈரமில்லாத தகர டின்னில் வத்தல் மிளகாயும் காய்ந்த வேப்பிலையும் போட்டு மூடி வைத்தால் வண்டு சீக்கிரம் வராது. தொலியோடு உடைப்பதற்கு மில்லுக்கு மொத்தமாகக் கொண்டுபோகாதீர்கள். முழு உளுந்தாக வைத்து, மாதத்துக்கு வேண்டியதை மட்டும் உடைத்துக்கொள்ளுங்கள், முழுசுதான் நாள்படத் தாங்கும்.

மூட்டை பிரிக்கிற அன்று பணம் போட்ட எல்லோரும் நேரில் இருங்கள். எடை எல்லோர் கண்முன்னாலும் நடக்கட்டும். நோட்டு ஒருவர் வீட்டிலும் பணப்பெட்டி இன்னொருவர் வீட்டிலும் இருக்கட்டும். முதல் வருஷம் உளுந்து மட்டும், சரியாக வந்தால் அடுத்த வருஷம் பாசிப்பயறையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.